மாஸ்டரம்மா பகுதி பகுதியா டிஸ்சார்ஜ் ஆன கதை

எல்லாரும் எப்படி இருக்கீங்க? சௌக்கியம்தானே? முட்டி மடங்குதா, கண்ணு தெரியுதா, சாப்பிட்டது செரிக்குதா? போன வாரம் இருமிக்கிட்டு இருந்தவங்கல்லாம் இப்ப தேவலையா? நல்லா இருக்கீங்கன்னா ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல, ஒரு தலகாணிய முதுகுக்குக் குடுத்து சாஞ்சுக்கிட்டு இதைப் படிங்க. ஆனா உங்க உடம்பு மொத்தமும் ஒரே இடத்துல இருக்கான்னு முதல்ல ஒரு தடவை தடவிப் பாத்துக்கோங்க. ஏன் சொல்றேன்னு போகப் போகப் புரியும்.

ஒரு லிஃப்ட் ரிப்பேர்காரர் இருந்தாரு. இருபது மாடிக் கட்டிடத்துல ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு, உள்ள இருக்கிறவங்க கத்தறாங்கன்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. சத்தமே போடாத மனுஷன். அவரு சம்சாரம் ஒரு பெரிய தையல் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். துணிய விரிச்சு, சாக்பீஸால நாலு கோடு போட்டு, கத்திரி வெச்சாங்கன்னா ஒரு நூல் பிசகாது. கம்பெனியில எல்லாரும் மாஸ்டரம்மான்னு கூப்பிடுவாங்க. வீட்டுக்காரரும் அப்படியேதான் கூப்பிடுவாரு. அது பயத்துலயா பாசத்துலயான்னு அவருக்கே சரியாத் தெரியாது.

ஒரு திங்கக்கிழமை காலையில மாஸ்டரம்மா புதுசா வந்த துணி ரோலைப் பிரிச்சாங்க. உள்ள ஒரு குளவி. அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. எழுப்பினதுக்குக் கோவம் வந்து கழுத்துல ஒரே போடு. அஞ்சு நிமிஷத்துல மூஞ்சி வீங்கி, தொண்டை அடைச்சு, மூச்சு விட முடியாம அப்படியே சாஞ்சுட்டாங்க. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. நேரா ஐசியூ.

இதுல ஒரு குறையும் சொல்லக் கூடாது. அன்னிக்கு ஐசியூவுல இருந்தவங்க ஊசியப் போட்டு, தொண்டையில குழாய விட்டு, பக்கத்துலயே நின்னு, போன உயிரை வாசல் வரைக்கும் போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதுக்குத்தானே ஐசியூ. லிஃப்ட்காரர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒவ்வொருத்தரையும் கும்பிட்டாரு. தரை துடைக்கிறவரையும் சேத்துத்தான் கும்பிட்டாரு.

புதன்கிழமை காலையில மாஸ்டரம்மா ஏழாம் நம்பர் பெட்டுல நிமிந்து உக்காந்துட்டாங்க. குழாயெல்லாம் எடுத்தாச்சு. வீக்கம் வத்திப்போச்சு. பாக்கப் போன வீட்டுக்காரர்கிட்ட முதல் வார்த்தையே இதுதான்.

"ஏங்க, இந்தத் திரையைப் பாத்தீங்களா? ஓரம் மடிக்கவே இல்ல. அப்படியே வெட்டித் தொங்க விட்டிருக்கான். இதைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா குணமாகிறவளுக்கும் வியாதி வரும்."

லிஃப்ட்காரருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. சம்சாரம் குறை சொல்ல ஆரம்பிச்சுட்டான்னா முழுசாத் தேறிட்டான்னு அர்த்தம். நர்ஸ்கிட்ட ஓடினாரு.

"சிஸ்டர், எப்ப வார்டுக்கு மாத்துவீங்க?"

அந்த நர்ஸ் நல்ல பொண்ணு. மூணு பேர் செய்ற வேலைய ஒத்தை ஆளா செய்யுது. "ரவுண்ட்ஸ் வரட்டும் சார். அவங்கதான் சொல்லணும்."

ரவுண்ட்ஸ் வந்துச்சு பாருங்க! எட்டு டாக்டர், ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். அவங்க பின்னாடி சக்கரம் வெச்ச மேசையில கம்ப்யூட்டரைத் தள்ளிக்கிட்டு ரெக்கார்டு மேடம். எல்லாருக்கும் முன்னாடி ஐசியூவுக்கே தலைவரான பெரிய டாக்டர். பெட்டைச் சுத்தி நின்னாங்க. மாஸ்டரம்மா வணக்கம் சொன்னாங்க. யாரும் மூஞ்சியப் பாக்கல. மூஞ்சி யாரோட டிபார்ட்மெண்ட்டும் இல்லையாம்.

"கிட்னி?"ன்னாரு பெரிய டாக்டர்.

"என்னோட கிட்னி ரெண்டும் பிரமாதமா இருக்கு சார்"ன்னாரு கிட்னி டாக்டர்.

"அது என் சம்சாரத்தோடது சார்"ன்னு லிஃப்ட்காரர் மெதுவாச் சொன்னாரு.

"அட்மிட் ஆகற வரைக்கும்"ன்னாரு கிட்னி டாக்டர்.

"நுரையீரல்?" "இன்னும் ஒரு நாள் பாக்கணும் சார்." "இதயம்?" "துடிக்குது சார். ஆனா நான் அவசரப்பட விரும்பல." "லிவர்?" "லிவர் டாக்டர் லீவு சார், நாளைக்கு வருவாரு."

"அப்ப கிட்னி மட்டும் வார்டுக்கு அனுப்பிடலாம்"ன்னாரு பெரிய டாக்டர். ரெக்கார்டு மேடம் டக்குடக்குன்னு தட்டினாங்க. "மூணாவது வார்டு, பதினாலாம் நம்பர் பெட், கிட்னி ரெண்டு, அனுப்பியாச்சு சார்."

லிஃப்ட்காரர் அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. சம்சாரம் அங்கயேதான் உக்காந்திருக்காங்க. "டாக்டர், கிட்னி மட்டும் எப்படிங்க போகும்?"

பெரிய டாக்டர் நின்னாரு. இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி கோட்டை இழுத்து விட்டுக்கிட்டாரு.

"சார், உக்காருங்க. ஒரு மனுஷனை முழுசாப் பாக்கிறது ரொம்ப சுலபம். நீங்க பாக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் பாக்கலாம், தெருவுல போறவர் பாக்கலாம். அதுக்கு இருபது வருஷம் எதுக்குப் படிக்கணும்? இங்க முழு மனுஷனைப் பாக்கிறத நாங்க நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு குழப்பமும் கிடையாது. அவங்கவங்க உறுப்பு அவங்கவங்க பொறுப்பு. எந்த உறுப்பு தேறுதோ அது வார்டுக்குப் போகும். இந்தத் திட்டத்தப் பாக்க வெளியூர்லருந்தெல்லாம் வராங்க. வந்தவங்க எல்லாரும் வாயடைச்சுப் போய்த்தான் திரும்பிப் போனாங்க."

"அப்ப முழு ஆளுக்கு யாருங்க பொறுப்பு?"

"முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. எல்லாத்துலயும் தலையிட்டாரு. அந்த போஸ்டையே எடுத்துட்டோம்."

"நானும் ரிப்பேர் வேலைதாங்க பாக்கிறேன்"ன்னு லிஃப்ட்காரர் இழுத்தாரு. "கதவு சரியாயிருச்சுன்னு கதவை மட்டும் பத்தாவது மாடிக்கு அனுப்பறதில்லைங்க."

"அதனாலதான் சார் லிஃப்ட் அடிக்கடி நிக்குது"ன்னு சொல்லிட்டு பெரிய டாக்டர் எட்டாம் நம்பர் பெட்டுக்குப் போயிட்டாரு.

சரி, பெரியவங்க ஏதோ சொல்றாங்க, பேப்பர்ல ஏதோ எழுதிக்கட்டும்னு லிஃப்ட்காரர் விட்டுட்டாரு. ஆனா மத்தியானம் மூணாவது வார்டுலருந்து போன். "பதினாலாம் நம்பர் பேஷண்ட்டோட ஆளு யாரு? பேஷண்ட் கூட ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். தனியா விட்டுட்டுப் போயிருக்கீங்க, கொஞ்சம்கூடப் பொறுப்பு இல்லையா?"

லிஃப்ட்காரர் இங்கயும் நிக்கணும், அங்கயும் உக்காரணும்னா எப்படி? அவரோட அக்காவக் கூப்பிட்டாரு. அக்கா இருக்காங்களே, சொன்ன வேலையச் சொன்னபடி செய்றவங்க. எதுக்குன்னு கேக்கவே மாட்டாங்க. ஒரு கூடைய எடுத்துக்கிட்டு வந்து, காலி பெட்டுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாங்க. போர்வைய எடுத்து, கிட்னிக்குக் கழுத்து எங்க இருக்கும்னு ஒரு உத்தேசம் பண்ணி, அது வரைக்கும் போர்த்திவிட்டாங்க.

சாயங்காலம் லிஃப்ட்காரர் எட்டிப் பாத்தாரு. "அக்கா..."

"உஷ்! மெதுவாப் பேசுடா. இப்பத்தான் கண்ணசந்துச்சு."

"அக்கா, அங்க ஒண்ணும் இல்லக்கா."

"இல்லாமயா நர்ஸ் வந்து மூணு தடவை எழுதிட்டுப் போறாங்க? உப்பில்லாத சாப்பாடு வந்துச்சு. கிட்னிக்கு நல்லதாம். நான்தான் சாப்பிட்டேன். வீணாப்போகக் கூடாதில்ல?"

வியாழக்கிழமை நுரையீரல் ரெண்டும் தேறி வார்டுக்குப் போச்சு. லீவு முடிஞ்சு வந்த டாக்டர் லிவரையும் அனுப்பிட்டாரு. வார்டு நர்ஸ் வந்து அக்காவ அதட்டினாங்க. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, பெட்டு மேல சாயாதீங்க. இப்ப லிவர் வருது, அதுக்கு இடம் வேணும்." அக்கா தலகாணிய எடுத்து ஓரத்துல முட்டுக் குடுத்தாங்க, புரண்டு கீழ விழுந்துடக் கூடாதேன்னு.

இங்க ஐசியூவுல மாஸ்டரம்மா பெருமூச்சு விட்டாங்க. நர்ஸ் பொண்ணு ஓடி வந்துச்சு.

"அம்மா, கோச்சுக்காதீங்க. உங்க நுரையீரல் இப்ப மூணாவது வார்டுல இருக்கு. இங்க நீங்க மூச்சு விட்டா எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் பாத்து விடுங்க."

"பாத்து விடறதுன்னா எப்படிம்மா?"

"ரவுண்ட்ஸ் போற வரைக்கும் மட்டும்."

மூளை டாக்டர் காலையிலயும் சாயங்காலமும் வந்து அதே மூணு கேள்விய கேப்பாரு. இன்னிக்கு என்ன கிழமை, இது என்ன இடம், இவரு யாரு. மாஸ்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. "டாக்டர், நேத்தே சொன்னேனே. இன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். உங்களுக்கு மறதி எத்தனை நாளா இருக்கு?" அவரு ரொம்ப சந்தோஷமா, மூளை சிறப்பா வேலை செய்யுதுன்னு எழுதி அதையும் வார்டுக்கு அனுப்பிட்டாரு.

"இனிமே உங்களைத் திட்டணும்னா மூணாவது வார்டுக்குப் போய்த்தான் திட்டணும்"ன்னு மாஸ்டரம்மா வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அதுதான் கடைசியாச் சிரிச்சது. ஏன்னா வெள்ளிக்கிழமை காலையில வயிறு போயிருச்சு.

வயிறு வார்டுக்குப் போனதும் ஐசியூவுல சாப்பாட்ட நிறுத்திட்டாங்க. வயிறே இல்லாத ஆளுக்கு எப்படிச் சாப்பாடு குடுக்கிறது? தட்டு நேரா பதினாலாம் நம்பர் பெட்டுக்குப் போச்சு. அங்க அக்கா காலையில ரொட்டியும் முட்டையும், மத்தியானம் சூப்பு, சாயங்காலம் பழம்னு வயித்தோட சார்பா ஒழுங்காச் சாப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல அக்கா ஒரு சுத்துப் பெருத்துட்டாங்க. மாஸ்டரம்மா கண்ணு உள்ள போயிருச்சு.

லிஃப்ட்காரர் வீட்டுலருந்து டப்பாவுல சாப்பாடு கொண்டாந்தாரு. வாசல்லயே நிறுத்திட்டாங்க. சரின்னு ரெண்டு ரொட்டியச் சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு. ரெக்கார்டு மேடம் கண்ணுல பட்டுருச்சு.

"என்ன சார் இது? இவங்களுக்கு இங்க இருக்கிறது இதயம், காலு, தோலு, அப்புறம் சில்லறை உறுப்புங்க. ரொட்டிய யாரு சாப்பிடுவா, தோலா?"

"மேடம், அவ முழுசா இங்கதான் உக்காந்திருக்கா. நீங்களே பாருங்க."

"நான் கம்ப்யூட்டர்லதான் சார் பாக்க முடியும். நேராப் பாக்கிறதுக்கு எனக்கு அனுமதி கிடையாது."

சனிக்கிழமை மாஸ்டரம்மா பெட்டுலருந்து இறங்கி நின்னு பாத்தாங்க. கால் ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. ஆறு நாளா நடக்கவே விடல. நாள் பூரா நின்னுக்கிட்டே துணி வெட்டின காலு. வீட்டுக்காரர் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. குரல் இறங்கிப்போச்சு.

"ஏங்க, வந்தப்ப எனக்குச் சாவு பயம் இல்ல. அப்ப நினைவே இல்ல. இப்பத்தான் பயமா இருக்கு. இன்னும் நாலு நாள் இங்க இருந்தா நிஜமாவே எனக்கு ஏதாவது வந்துரும். எப்படியாவது என்னை வெளிய கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

அதுவரைக்கும் எல்லாருக்கும் வணக்கம் வெச்சுக்கிட்டு இருந்த மனுஷன் அன்னிக்கு ஒரு நாள்தான் வேற மாதிரி ஆனாரு. ஒவ்வொரு டாக்டர் ரூம் வாசல்லயும் போய் நின்னாரு. சாப்பிடப் போனவரைத் துரத்தினாரு. கார்ல ஏறினவருக்கு முன்னாடி நின்னாரு. இதயத்த வாங்கினாரு. தோலை வாங்கினாரு. காலு டாக்டர் இடது காலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வலது காலுக்குப் பேனாவுல மை இல்லன்னாரு. பேனாவும் இவரே குடுத்தாரு. சாயங்காலம் ரெக்கார்டு மேடம் முன்னாடி வந்து நின்னப்ப அவரு கையில ஒரு மனுஷிக்கு உண்டான மொத்தக் காகிதமும் இருந்துச்சு.

மேடம் ஒண்ணொண்ணா டிக் போட்டாங்க. கடைசியில நிறுத்தினாங்க.

"அப்பெண்டிக்ஸ் எங்க சார்?"

"அப்பெண்டிக்ஸா? அதை எடுத்தாச்சே மேடம். பத்தொன்பது வருஷம் ஆச்சு. வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. தழும்பு இருக்கு."

"தழும்பு தோல்ல வரும், அது போயிருச்சு. அப்பெண்டிக்ஸ் தேறிடுச்சுன்னு அதோட டாக்டர் கையெழுத்துப் போடணும்."

அதோட டாக்டர் வந்தாரு. பாவம், நேர்மையான ஆளு. வயித்தை அமுக்கிப் பாத்தாரு. ஸ்கேன் எடுத்தாரு. "இல்லாததை நல்லா இருக்குன்னு நான் எப்படிங்க எழுதுவேன்? நல்லா இல்லன்னும் எழுத முடியாது." கையக் கழுவிக்கிட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் பரவால்லன்னு பெரிய டாக்டர் காலையில அவசரக் கூட்டம் போட்டாரு. லிஃப்ட்காரரும் ஓரமா நின்னாரு.

"அட்மிட் பண்ணப்ப அப்பெண்டிக்ஸ் இருந்துச்சா?"ன்னு பெரிய டாக்டர் கேட்டாரு.

ரெக்கார்டு மேடம் பாத்தாங்க. "எல்லா உறுப்பும் உள்ளதுன்னு டிக் போட்டிருக்கு சார்."

"யாரு போட்டது?"

"எல்லாருக்கும் அதுவே விழுந்துரும் சார்."

"அப்ப வந்தப்ப இருந்துச்சு. இப்ப இல்ல. அப்படின்னா நம்ம பாதுகாப்புல இருந்தப்பக் காணாமப் போயிருக்கு!" டாக்டருங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "இது ரொம்ப சீரியஸ். தேடுங்க."

தேடினாங்க பாருங்க ஒரு தேடு! பெட்டுக்கு அடியில டார்ச் அடிச்சாங்க. சலவைக்குப் போன துணிய உதறினாங்க. வார்டுல அக்காவ விசாரிச்சாங்க. "உங்க கிட்ட வந்ததுல அப்பெண்டிக்ஸ் ஏதாவது கலந்து வந்துச்சாம்மா?" அக்கா கூடையக் கவுத்துக் காட்டினாங்க. "நான் எதையும் தொடலைங்க. குடுத்த சாப்பாட்டத் தவிர." லிஃப்ட்காரரோட டூல்ஸ் பையில இருந்த ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. மத்தியானம் ரிப்போர்ட் வந்துச்சு: ஸ்பிரிங், ஆரோக்கியமா இருக்கு.

சாயங்காலம் பெரிய டாக்டர் முடிவு சொன்னாரு. "மத்த உறுப்பெல்லாம் வார்டுல நல்லா இருக்கு. அதனால இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம். அப்பெண்டிக்ஸ் மட்டும் கிடைக்கிற வரைக்கும் ஏழாம் நம்பர் பெட்டுலயே நம்ம கண்காணிப்புல இருக்கும்."

அப்படியே நடந்துச்சு. மூணாவது வார்டுல டிஸ்சார்ஜ் காகிதம் அடிச்சாங்க. வார்டு நர்ஸ் காலி பெட்டப் பாத்து, "போயிட்டு வாங்க, உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு கையாட்டினாங்க. அக்கா காலி வீல்சேரைத் தள்ளிக்கிட்டு லிஃப்ட்ல இறங்கி, மெயின் வாசல் வரைக்கும் மேடு பள்ளம் பாத்து மெதுவாக் கொண்டாந்தாங்க.

ஆனா மாஸ்டரம்மா மாடியில ஐசியூவுலயேதானே இருக்காங்க? அவங்களை இறக்கிவிடச் சொல்லி லிஃப்ட்காரர் ஆளைக் கூப்பிட்டாரு. "நோயாளியத்தான் சார் நாங்க இறக்குவோம். இவங்க நோயாளி இல்லையே, டிஸ்சார்ஜ் ஆயாச்சே"ன்னுட்டான். வெள்ளிக்கிழமையிலருந்து மாஸ்டரம்மா குடிச்சது வெறும் தண்ணி. எந்திரிச்சா தலை சுத்துது. அவரு பெட்டுப் பக்கத்துல தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

அந்த நேரம் பாத்து, டக்டக்னு செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கிருமித் தடுப்பு ஆபீசரம்மா. வாரத்துக்கு ஒரு தடவை வந்து, வெளியாளுங்க யாராவது உள்ள இருக்காங்களான்னு பாக்கிறது அவங்க வேலை. அவங்க வந்தா பெரிய டாக்டரே கையக் கழுவிக்கிட்டு ஓரமா நிப்பாரு. கையில இருந்த காகிதத்தப் பாத்தாங்க. பெட்டைப் பாத்தாங்க. மூஞ்சி சிவந்துபோச்சு.

"ஏழாம் நம்பர்ல அப்பெண்டிக்ஸ்தானே சிகிச்சையில இருக்கு? இந்தப் பொம்பளை யாரு? நோயாளி பெட்டுல யாரோ ஒரு வெளியாளு காலை நீட்டிப் படுத்திருக்காங்க! செருப்பு வேற பெட்டுக்குக் கீழ கிடக்கு!"

"இவங்க அப்பெண்டிக்ஸோட சொந்தக்காரங்க மேடம்"ன்னு நர்ஸ் பொண்ணு மெல்லச் சொல்லுச்சு. அது மூஞ்சியில சிரிப்பு எட்டிப் பாத்துச்சு, ஆனா அடக்கிக்கிச்சு.

"சொந்தமா இருந்தா? கிருமி சொந்தம் பந்தம் பாக்குமா? அஞ்சு நிமிஷத்துல இவங்க வெளிய இருக்கணும். நடக்க முடியலன்னா தூக்கிக்கிட்டுப் போய் விடுங்க!"

ரெண்டு காவலாளி வந்து மாஸ்டரம்மாவ ஸ்ட்ரெச்சர்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஓட்டமா ஓடி, ஐசியூ கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. அஞ்சு நாளா லிஃப்ட்காரர் கெஞ்சினது நாலு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. அவரு அந்த ஆபீசரம்மா போன திசையப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு.

"வாங்க, ஓடிருவோம்"ன்னு சம்சாரத்தோட கையப் பிடிச்சாரு.

மாஸ்டரம்மா எந்திரிக்கல. பெஞ்சுக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்ட்ரெச்சர் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு பெரியவரு. நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. பக்கத்துல அவரு மக, அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

"என்னம்மா ஆச்சு?"ன்னாங்க மாஸ்டரம்மா.

"மூச்சுத் திணறல்மா. மத்தியானத்துலருந்து நிக்கிறோம். ஐசியூவுல பெட்டு இல்லையாம். ஒரே ஒரு பெட்டுதான் காலியாகிற மாதிரி இருந்துச்சாம், ஆனா அதுல ஏதோ பெரிய கேஸு இருக்காம்."

மாஸ்டரம்மா வீட்டுக்காரரைப் பாத்தாங்க. வீட்டுக்காரர் தரையப் பாத்தாரு. கீழ இறங்குற லிஃப்ட் பத்தடி தூரத்துல இருக்கு. வயிறு பசியில முறுக்குது.

"அந்தப் பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னாங்க மாஸ்டரம்மா.

வந்தாரு. "பெட்டைக் குடுக்க முடியாதும்மா. உங்க அப்பெண்டிக்ஸ் இன்னும் ஸ்டேபிளா இருக்கு. ஒரு பெட்டு காலியாகணும்னா ரெண்டு வழிதான். ஒண்ணு தேறணும்..."

"அது தேறாது. ரெண்டாவது வழியப் பாருங்க. நான் சொல்றேன், அது போயிருச்சு."

பெரிய டாக்டர் பதறிட்டாரு. "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! இந்த வருஷம் இதுவரைக்கும் எங்க ஐசியூவுல ஒரு சாவுகூட இல்ல தெரியுமா? எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பேரைக் காப்பாத்தி வெச்சிருக்கோம்! ரொம்ப முடியாதவங்களை உள்ளயே விடாமப் பாத்துக்கறோம்!"

அந்தப் பெரியவரோட மக டாக்டரையே பாத்துச்சு.

கீழ யாரும் வரலையேன்னு தேடிக்கிட்டு அக்கா அப்பத்தான் மேல வந்து சேந்தாங்க. மாஸ்டரம்மா அவங்களைப் பாத்து, "அண்ணி, ஆரம்பிங்க"ன்னாங்க.

அக்காதான் எதுக்குன்னே கேக்க மாட்டாங்களே! சத்தம் போடக் கூடாதுன்னு நாலு நாளா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தவங்க வேற. மார்ல ரெண்டு அடி அடிச்சுக்கிட்டு ஓன்னு ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க, கண்ணாடிக் கதவே அதிந்துச்சு.

"ஐயோ என் அப்பெண்டிக்ஸே! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே! இந்த ஐசியூவுல இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா உன்னைக் கொண்டாந்திருக்கவே மாட்டோமே!"

மாஸ்டரம்மா சேந்துக்கிட்டாங்க. லிஃப்ட்காரருக்கு அழத் தெரியல, ஆனா ஒரு வாரமா அடக்கி வெச்சது சேந்து வந்து அவருக்கு நிஜமாவே அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. காத்துக்கிட்டு இருந்த ஜனமெல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. "யாருங்க போனது?" "சின்ன வயசாம்." "உள்ள நல்லா இருந்துச்சாமே, திடீர்னு?" ஒருத்தர் லிஃப்ட்காரர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாரு. இன்னொருத்தர், "இந்த ஐசியூவுலயா? அப்ப எங்க மாமாவ வேற இடத்துக்குக் கொண்டுபோறோம்"னு கிளம்பிட்டாரு.

பெரிய டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அம்மா, அம்மா, மெதுவா! சாவுன்னு மட்டும் சொல்லாதீங்க! உறவினர் விருப்பப்பட்டு வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போறாங்கன்னு எழுதிக்கறேன். போதுமா? மேடம், உடனே எழுதுங்க! ஏழாம் நம்பர் காலி!"

ரெண்டு நிமிஷத்துல நர்ஸ் பொண்ணு ஒரு எவர்சில்வர் தட்டை, பச்சைத் துணி போட்டு மூடி, ரெண்டு கையாலயும் கொண்டாந்து லிஃப்ட்காரர் கையில பயபக்தியோட குடுத்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. அவரு அதை நெஞ்சோட அணைச்சு வாங்கிக்கிட்டாரு. ஜனம் வழி விட்டு நின்னாங்க.

அந்த வழியிலதான் பெரியவரோட ஸ்ட்ரெச்சர் உள்ள போச்சு. போன வேகத்துல நர்ஸ் பொண்ணு அவரு மூஞ்சியக் குனிஞ்சு பாத்து, "தாத்தா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்"னு சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. நுரையீரல் டாக்டர் ஓடினாரு, இதய டாக்டர் ஓடினாரு. யாருடைய உறுப்புன்னு ஒருத்தரும் கேக்கல. அந்த அளவுக்கு அவசரம். கதவு மூடிக்கிச்சு.

வெளிய ரோட்டுல முதல் கடையில மாஸ்டரம்மாவ உக்கார வெச்சாங்க. சுடச்சுட ரெண்டு முட்டை, நாலு ரொட்டி, ஒரு பெரிய டம்ளர் பால். மூணாவது ரொட்டியில இருந்தப்ப ரெக்கார்டு மேடம் மூச்சு வாங்க ஓடி வந்தாங்க, கையில ஒரு நீளக் காகிதம்.

"சார், ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. ஒவ்வொரு உறுப்பும் பத்திரமா வந்து சேந்துச்சுன்னு தனித்தனியா டிக் போட்டுக் குடுக்கணும்."

லிஃப்ட்காரர் காகிதத்த வாங்கினாரு. சம்சாரத்தத் தலையிலருந்து கால் வரைக்கும் ஒரு தடவை நிதானமாப் பாத்தாரு. அவங்க வாய் நிறைய ரொட்டியோட, "என்ன பாக்கறீங்க? பசி ஒண்ணு கூடுதலா வந்திருக்குன்னு எழுதுங்க. வரப்ப இது இல்ல"ன்னாங்க.

அவரு அத்தனை கட்டத்துக்கும் மேல குறுக்கால ஒரே கோடு இழுத்தாரு. கீழ, குண்டு குண்டா, 'ஆளு வந்து சேந்தாச்சு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

மேடம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாங்க. "ஆளுங்கிறதுக்குக் கம்ப்யூட்டர்ல கட்டமே இல்லையே சார்"ன்னாங்க. அப்புறம் சுத்தும் முத்தும் பாத்துட்டு, முதல் தடவையா மாஸ்டரம்மா மூஞ்சிய நேராப் பாத்தாங்க. "இப்படித்தான் இருப்பீங்களாம்மா நீங்க?"ன்னு கேட்டாங்க.

"உக்காரு, நீயும் ஒரு ரொட்டி சாப்பிடு"ன்னாங்க மாஸ்டரம்மா.

இதாங்க நடந்தது. சரி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன், உங்க பக்கம் எப்படி? உங்க வீட்டுல யாராவது ஐசியூவுல இருந்து வந்திருக்காங்களா? முழுசா வந்தாங்களா, தவணையில வந்தாங்களா? வாசல்ல நின்னப்ப யாரு என்ன சொன்னாங்க, எத்தனை கையெழுத்து வாங்கினாங்க, உள்ள எந்த நல்ல மனசு உங்களுக்காக ஓடுச்சு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிப் போடுங்க. நீளமா இருந்தாலும் பரவால்ல. கண்ணாடியத் தொடச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.